நிலவுக்கு ஒரு ரிக் வண்டி: லெகோ கட்டைகளில் அறிபுனை வாகனம் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

கட்டைகளில் விண்வெளி வாகனம் செய்ய உட்காருகிற பலர் முதலில் மாட்டுவது இறக்கை, அடுத்தது துப்பாக்கி, அதற்கடுத்து நீல விளக்கு. வண்டி பகட்டாக இருக்கும். ஆனால் "இது என்ன வேலை செய்யும்?" என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் பதில் இருக்காது. கற்பனை வாகனத்தை நம்பவைப்பது அதன் வேலைதான். வேலை தெளிவாக இருந்தால் எந்த இடத்தில் குழாய் ஓட வேண்டும், எங்கே ஏணி வேண்டும், எந்தப் பக்கம் அழுக்குப் படியும் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. பக்கத்திலேயே திருச்செங்கோடு. இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் ரிக் வண்டிகளின் ஊர். இந்த வழிகாட்டியில் அப்படி ஒரு ரிக் வண்டியை நிலவுக்கு அனுப்பப் போகிறோம். காரணம் வெறும் ஊர்ப் பாசமல்ல. சந்திரயானுக்கான சோதனைகளுக்கு நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ அதை எடுத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்துதான். அங்கே கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலங்களில் உள்ள பாறை வகையைச் சேர்ந்தது. நிலவு மண்ணும் ரிக் வண்டியும் ஒரே வட்டாரத்தில் இருக்கும்போது வேறு கதைக்கு எங்கே போவது?

முதல் படி: வேலையை ஒரு வரியில் எழுதுங்கள்

கட்டையைத் தொடும் முன் தாளில் எழுத வேண்டிய வரி இது: "இரண்டு பேர் ஓட்டிச் சென்று, நிலவின் தரையில் துளையிட்டு, பாறை மாதிரி எடுத்துவரும் வண்டி." இனி ஒவ்வொரு பாகத்தையும் இந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, பூமியில் செய்யும் வேலை நிலவில் எப்படி மாறும் என்று யோசியுங்கள். வடிவமைப்பு பிறக்கும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகச் செய்யுங்கள்.

நம்மூர் ரிக் வண்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்வது கம்ப்ரசர். அழுத்தக் காற்றுதான் பாறையை உடைக்கும் ஹேமரை இயக்குகிறது. உடைந்த கல்தூளை மேலே தள்ளுவதும் அதுவே. நிலவில் உறிஞ்ச காற்றே இல்லை. ஆகவே கம்ப்ரசரை நீக்கிவிட்டு, துளைக்குள் இறங்கும் தண்டான ராடைத் திருகு வடிவில் வைக்க வேண்டும். சுற்றச் சுற்றத் தூள் மேலே ஏறிவரும். 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் துளையிட்டபோது பயன்படுத்திய ராடுகளிலும் இப்படித் திருகு வரிகள் இருந்தன.

இரண்டாவது, எடை. நிலவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு. இங்கே வண்டியின் கனமே ராடை அழுத்தப் பயன்படுகிறது. அங்கே அழுத்தினால் ராடு இறங்குவதற்குப் பதில் வண்டி மேலே எழும்பிவிடும். எனவே வண்டியைத் தாங்கி நிற்கும் கால்களான ஜாக்கிகளின் முனையில் தரையைக் கவ்விப் பிடிக்கும் திருகு நங்கூரம் வேண்டும். மூன்றாவது, சூடு. காற்று இல்லாததால் மின்விசிறி வைத்து ரேடியேட்டரைக் குளிர்விக்க முடியாது. சூட்டைக் கதிராக வெளியேற்றும் அகலமான தட்டைப் பலகைகள்தான் வழி. நான்காவது, தூசி. நிலவுத் தூசி கண்ணாடித்தூள் போலக் கூர்மையானது. 1972-இல் அப்பல்லோ 17 பயணத்தில் ஊர்தியின் மட்கார்டு உடைந்து தூசி வாரியடித்ததால், வரைபடத் தாள்களை டேப் போட்டு ஒட்டித்தான் வீரர்கள் சமாளித்தார்கள். ஆகவே மட்கார்டு இல்லாத நிலவு வண்டியைக் கட்டாதீர்கள்.

திருகு ராடு, நங்கூர ஜாக்கி, சூட்டுப் பலகை, பெரிய மட்கார்டு. ஒரு கட்டையும் எடுக்காமலே நான்கு முக்கியப் பாகங்கள் கிடைத்துவிட்டன.

இரண்டாம் படி: நேரில் பாருங்கள், படம் வரையுங்கள்

இணையத்தில் படம் தேடுவதைவிட, நிறுத்திவைத்திருக்கும் ரிக் வண்டி ஒன்றின் பக்கத்தில் அனுமதி கேட்டு அரைமணி நேரம் நில்லுங்கள். மாஸ்ட், அதாவது ராடைத் தாங்கும் உயரச் சட்டம், கேபினுக்கு மேலே படுத்திருக்கும். நிமிரும் கீல் பின்பக்கம் இருக்கும். அந்தக் கீலை உற்றுப் பாருங்கள். தடித்த இரும்புத் தகட்டில் பின், பின்னைச் சுற்றிக் கருத்துப்போன கிரீஸ், அதன் மேலே தூசி ஒட்டிய பிசுக்கு வளையம். ஹைட்ராலிக் ஹோஸ்கள் மற்ற இடங்களில் வண்டியோடு ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும். கீலுக்கு வந்ததும் தளர்வாக ஒரு வளைவு விட்டுத் தாண்டும், மாஸ்ட் நிமிரும்போது இழுபடக் கூடாது என்பதற்காக. மாடலில் அந்தத் தளர்ந்த வளைவு ஒன்றை வைத்தால் போதும், பார்ப்பவர் கண்ணுக்கு மாஸ்ட் அசையும் என்று சொல்லாமலே புரியும்.

படிக்கட்டில் மட்டும் பெயின்ட் தேய்ந்திருப்பது, ராடுகள் வரிசையாக அடுக்கிய விதம், டூல் பெட்டியின் பூட்டு, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் கறுப்பாக நிரப்பி வரையுங்கள். நிழலாகப் பார்த்தாலே இது துளையிடும் வண்டி என்று தெரிந்தால் வடிவம் சரி. தெரியாவிட்டால் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் தேறாது.

மூன்றாம் படி: அளவு

லெகோ மனித பொம்மையின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். 1.7 மீட்டர் உயர மனிதரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 1:42. லாரியின் அகலம் 2.5 மீட்டர் என்றால், மாடலில் 6 சென்டிமீட்டர். ஸ்டட் எனப்படும் குமிழ்களுக்கு இடையிலான தூரம் 8 மில்லிமீட்டர் என்பதால், 8 ஸ்டட் அகலம் எடுத்துக்கொள்ளலாம். 10 மீட்டர் நீள வண்டி 30 ஸ்டட் நீளம் வரும். 8 மீட்டர் மாஸ்ட் 24 ஸ்டட்.

பொம்மைகள் உயரத்துக்கு மீறிய பருமன் கொண்டவை. கை இரண்டும் வெளியே துருத்துவதால் இரண்டு பேரை அருகருகே 4 ஸ்டட் அகலத்தில் உட்காரவைக்க முடியாது. உள்ளே 6 வேண்டும். 8 ஸ்டட் வண்டியில் இருபக்கச் சுவர் போக மிஞ்சுவது சரியாக அதுதான். ஹெல்மெட் மாட்டிய பொம்மையை உட்காரவைத்துப் பார்த்த பிறகே கூரையைப் போடுங்கள்.

இந்த அளவில் வண்டிக்கு ஐந்நூறு முதல் எண்ணூறு துண்டுகள் வரை தேவைப்படலாம். இது அதிகமாகத் தோன்றினால் பொம்மையை விட்டுவிட்டு, உள்ளங்கை அகலத்தில் சிறிய மாடலாகச் செய்யுங்கள். வடிவ நிழல் பிழையாமல் இருந்தால் சின்ன மாடலும் கம்பீரமாக நிற்கும்.

நான்காம் படி: கணக்கு

இதைக் கரைத்துக் குடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழக்கமான கட்டையான பிரிக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர். தட்டைக் கட்டையான பிளேட்டின் உயரம் 3.2. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக். ஐந்து பிளேட் சேர்ந்தால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக 2 ஸ்டட் அகலம். கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் உத்திகள் எல்லாமே இந்த ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்தில்தான் நிற்கின்றன.

அறிபுனை வாகனத்தில் குமிழ்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து நின்றால் வண்டி விளையாட்டுச் சாமானாகவே தெரியும். பக்கச் சுவர்களில் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி கட்டி, மேலே குமிழில்லாத வழவழப்பான டைல் போர்த்தினால் தகடு அடித்த உடல் போல் ஆகிவிடும். இதற்கு இரண்டு வகைத் துண்டுகள் உதவும். ஒன்று, பக்கத்தில் குமிழ் வைத்த 1×1 பிரிக். மற்றொன்று, ‘ட’ வடிவில் மடிந்த பிராக்கெட். பிராக்கெட்டின் மடிப்புச் சுவர் அரைப் பிளேட் கனம், அதாவது 1.6 மில்லிமீட்டர். அதன்மேல் இரண்டு அடுக்கு, ஒரு பிளேட்டும் ஒரு டைலும் ஒட்டினால் 1.6 + 6.4 = 8. அச்சுப் பிசகாமல் ஒரு ஸ்டட். இந்த ஒரு சமன்பாட்டை வைத்தே பக்கப் பலகைகள் முழுவதையும் சட்டகத்தோடு சமமாக நிறுத்திவிடலாம்.

அரை ஸ்டட் நகர்த்த வேண்டிய இடத்தில் ஜம்பர் பிளேட். நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள 1×2 துண்டு அது. மாஸ்ட்டை வண்டியின் நடுக்கோட்டில் உட்காரவைக்க இதைவிட எளிய வழி இல்லை. லெகோவின் இயந்திர வகையான டெக்னிக்கின் துளைப் பிரிக்குகளை அடுக்கும்போது இரண்டுக்கும் நடுவே இரண்டு பிளேட் வையுங்கள்: 9.6 + 6.4 = 16. அப்போதுதான் மேல் துளையும் கீழ்த் துளையும் 2 ஸ்டட் தூரத்தில் வந்து, செங்குத்துச் சட்டம் மாட்ட முடியும்.

ஐந்தாம் படி: சட்டகம்

நடு முதுகெலும்பு இரண்டு வரிசை டெக்னிக் பிரிக்குகள். மேலும் கீழும் நீள பிளேட்டுகள். கொத்தனார் செங்கல் வைப்பதுபோல, ஒரு வரியின் இணைப்பு அடுத்த வரியின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது. முடித்ததும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள், பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். வளைந்தாலோ நெளிந்தாலோ இப்போதே பிரித்துக் கட்டுங்கள். மேலே அழகு ஏறிய பிறகு கைவைக்க மனசு வராது.

ஆறாம் படி: சக்கரங்கள்

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான், 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர ஊர்தி. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டிக்கும் ஆறு சக்கரம். இரண்டும் ‘ராக்கர் போகி’ அமைப்பில் இயங்குபவை. அதில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ராக்கர் எனும் ஒரு நீண்ட கை; அதன் ஒரு நுனியில் ஒரு சக்கரம், மறு நுனியில் ஊஞ்சலாடும் குட்டிக் கை; குட்டிக் கையில் இரண்டு சக்கரங்கள். இருபக்க நீண்ட கைகளையும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் மற்ற ஐந்தும் தரையை விடாது. உடல் பாதியளவே சாயும்.

டெக்னிக் துண்டுகளில் இதைச் செய்வது எளிது, ஒரு நிபந்தனையோடு. ஆடவேண்டிய இடங்களில் இறுக்கமில்லாத பின்களைப் போடுங்கள். வழக்கமாகக் கறுப்புப் பின் இறுக்கமானது, வெளிர்சாம்பல் பின் தளர்வானது. மூன்று ஸ்டட் நீளத்தில் நீலம் இறுக்கம், வெளிர்பழுப்பு தளர்வு. குறுக்குத் தண்டை நீளச் சட்டம் ஒன்றில் செய்து, நடுவில் உடலோடு பின் போட்டு, இரு முனையையும் சிறு இணைப்புகளால் ராக்கர் கைகளோடு சேர்த்துவிடுங்கள். மேசைமேல் புத்தகங்களை ஒழுங்கில்லாமல் பரப்பி ஓட்டிப் பாருங்கள். ஆறு சக்கரமும் படிந்து ஏறும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி.

ரப்பர் டயர் நிலவுக்குப் பொருந்தாது. அப்பல்லோ ஊர்தியின் சக்கரங்கள் கம்பி வலையால் பின்னப்பட்டவை, பிரக்யானுடையது உலோகம். டயரின் மேல் டெக்னிக் செயின் கண்ணிகளை வளையமாகப் பூட்டினால் உலோகப் பல் வைத்த சக்கரம் போலத் தெரியும். வளைந்த மட்கார்டுக்கு, கார் செட்களில் வரும் சக்கர வளைவுத் துண்டுகளைவிட, கீல் பிளேட்டில் மாட்டிய மூன்று தட்டைப் பலகைகள் பொருத்தமாக இருக்கும். பட்டறையில் வெட்டி மடித்த தகடு மாதிரி.

ஏழாம் படி: மாஸ்ட்டும் ராடும்

இந்த வண்டியின் உயிர் இங்கேதான். நாலு மூலைக்கும் நீளத் துண்டுகள், நடுவில் ஏணித் துண்டுகளோ கம்பி வேலித் துண்டுகளோ வைத்தால் பின்னல் சட்டம் ஆகிவிடும். உள்ளே வெற்றிடம் தெரிய வேண்டும், ராடு இறங்குவதற்கு.

ராடுக்கு டெக்னிக் வார்ம் கியர், அதாவது திருகு வடிவப் பற்சக்கரம். ஒவ்வொன்றும் 2 ஸ்டட் நீளம். அச்சுத்தண்டில் வரிசையாகக் கோத்து, ஒன்றின் திருகு வரி அடுத்ததன் வரியோடு தொடரும்படி திருப்பி வையுங்கள். கீழ் முனையில் கூம்பு. அசல் துளைக்கருவி தயார். கறுப்பிலும் சாம்பலிலும் கிடைக்கும், சாம்பல்தான் பொருந்தும். கூடுதலாக இரண்டு மூன்று ராடு செய்து பக்கத்து ராக்கில் கிளிப் போட்டு அடுக்கிவிடுங்கள்.

மாஸ்ட் நிமிர கிளிக் கீல் வேண்டும். அது 22.5 பாகைக்கு ஒரு நிலையில் நிற்கும். நீண்ட மாஸ்ட்டின் கனத்துக்கு ஒற்றைக் கீல் சில நாளில் தளர்ந்துவிடும், ஆகவே இருபக்கமும் ஒன்று வையுங்கள். ஹைட்ராலிக் சிலிண்டருக்கு, 3.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீளப் பாரை (கம்பித் துண்டை) நடுவில் துளையுள்ள உருளைப் பிரிக்குக்குள் செருகுங்கள். சற்றே இறுக்கமாக உள்ளே போய் வெளியே வரும். பளபளக்கும் வெள்ளிநிறப் பார் கிடைத்தால் அதைப் போடுங்கள், ஏனெனில் உண்மை வண்டியிலும் அழுக்கேறாமல் மின்னும் ஒரே இடம் அந்தத் தண்டுதான்.

எட்டாம் படி: நுணுக்கம்

கிரில் டைல், குழாய்த் திருகு, லீவர், பைனாகுலர், பல் பிளேட், பொம்மையின் ரோலர் ஸ்கேட் என்று குட்டித் துண்டுகளை அள்ளி ஒட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். உடல் முழுக்க ஒட்டினால் கண் எங்கேயும் தங்காது. என் கணிப்பில் மேற்பரப்பின் பெரும்பகுதி வழவழப்பாகவே இருக்க வேண்டும். நுணுக்கம் மூன்று இடத்துக்குத்தான் உரியது: அசையும் மூட்டு, திறந்து பார்க்கும் கதவு, வெளியேற்றும் வாய்.

ஒவ்வொரு குழாயும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிய வேண்டும். டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து சிலிண்டர். அந்தரத்தில் தொங்கும் குழாயைப் பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜவ்வரிசி ஆலை ஒன்றின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே குழாய்கள் குழம்பிக் கிடப்பதுபோல் தோன்றும், பின்தொடர்ந்து போனால் ஒவ்வொன்றும் தொட்டியிலோ மோட்டாரிலோ போய்ச் சேரும். தடிமனிலும் வேறுபாடு வேண்டும். தடித்த பிரதான குழாய் ஒன்று, நடுத்தரமானது இரண்டு, மெல்லிய கம்பிகள் சில. எல்லாம் ஒரே தடிமனில் ஓடினால் பின்னல் வேலை மாதிரி ஆகிவிடும்.

சூட்டுப் பலகையை வெள்ளை டைல்களால் மூடி, நிழல் விழும் பக்கம் மடக்கி விரியும்படி வையுங்கள். நங்கூர ஜாக்கிகள் நாலு. ஒவ்வொன்றின் அடியிலும் தட்டும் ஒரு குட்டித் திருகும்.

ஒன்பதாம் படி: நிறம்

மூன்று நிறம் போதும். உடலுக்கு ஒன்று, இயந்திரப் பகுதிக்கு ஒன்று, கண்ணைப் பிடிக்க ஒன்று. 1978-இல் வந்த லெகோ விண்வெளித் தொகுப்புகள் நீலம், சாம்பல், மஞ்சள் கண்ணாடி ஆகியவற்றை வைத்தே ஒரு தலைமுறையை மயக்கின. நம் வண்டிக்கு வெள்ளை உடல், கருஞ்சாம்பல் இயந்திரம், மாஸ்ட் நுனியிலும் ஜாக்கிகளிலும் மஞ்சள். வெப்பத் தடுப்புத் தாளைக் காட்ட அடிப்பகுதியில் கொஞ்சம் பொன்னிறம் சேர்க்கலாம். எழுத்துக்கு ஒட்டுத்தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு டைலின் விளிம்போடும் வெட்டி ஒட்டுங்கள். இரண்டு துண்டுகளின் மேல் ஒரே ஸ்டிக்கரைப் போட்டால் பிரிக்கும்போது கிழியும். வண்டி எண்ணைத் தமிழ் எண்களில் ௪௨ என்று போட்டுப் பாருங்கள், தனி அழகு.

துண்டுகள் வாங்குவது

முதலில் கணினியில் கட்டிப் பாருங்கள். பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம். 1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் தொடங்கிய எல்-டிரா பாக நூலகத்தின் மரபில் வந்தது. துண்டுப் பட்டியலும் கட்டும் வழிமுறைப் படங்களும் அதிலேயே எடுக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: திரையில் எடை கிடையாது. மாஸ்ட்டும் சக்கரமும் கையால் கட்டித்தான் சோதிக்க முடியும்.

தனித் துண்டுகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரியும் அனுப்பும் செலவும் துண்டு விலையைத் தாண்டிவிடும். அதைவிட, டெக்னிக் லாரி செட் ஒன்றும் நகர வாகன செட் ஒன்றும் வாங்கிப் பிரிப்பது கட்டுப்படியாகும். 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிரிக்கின் பிடிமானம் இன்றைய பிரிக்கோடும் பொருந்தும், ஆகவே உறவினர் வீட்டுப் பரணில் பழைய டப்பா இருந்தால் தயங்காமல் கேளுங்கள். வேறு நிறுவனக் கட்டைகளை உட்சட்டகத்தில் கலக்கலாம். வெளியே நிறமும் இறுக்கமும் சற்று வேறுபடும். எதை வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள்.

படம் எடுப்பதும் பாதுகாப்பதும்

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது கீழே வெள்ளை வெளேரென்று தெரியும் மேக்னசைட் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு, பின்னணி பற்றிச் சொல்லவே வேண்டாம். சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள். கட்டடச் சாமான் கடையில் கிடைக்கும் கல்தூளைச் சலித்து, சாம்பல்நிறத் தட்டில் பரப்பினாலே போதும். பின்னால் கறுப்புத் துணி. விளக்கு ஒன்றே ஒன்று, பக்கவாட்டில் தாழ்வாக. நிலவில் ஒளியைச் சிதறடிக்கக் காற்று இல்லை, வானம் கறுப்பு, நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். இரண்டாவது விளக்கு வைத்த உடனே அது சேலத்து மொட்டைமாடி ஆகிவிடும். கேமராவைப் பொம்மையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள்.

முடிந்ததும் மாடலை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்; புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகிவிடும். தூசிக்கு மென்மையான பெயின்ட் பிரஷ். கழுவவேண்டி வந்தால் தண்ணீர் 40 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது, சித்திரை மாத மாடித்தொட்டித் தண்ணீர் அதற்குச் சரிவராது. மாஸ்ட்டைப் படுத்த நிலையில் வைத்தால் கீல்கள் நீண்டநாள் உழைக்கும். ராடுகளைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள், குழந்தைகள் முதலில் எடுத்து விளையாடுவது அவற்றைத்தான்.